ஃபார்மட்டுக்கு முன்னால் ஒட்டுப்பால்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. சந்தா, சிறுகதைப் போட்டி, போன மாதக் குறுக்கெழுத்தில் விடை தப்பு என்று ஆளுக்கொரு காரணம். இந்த முறை ஆயர் தாவாரிலிருந்து ஒரு வாசகி அழைத்தார். நம் இதழுக்குப் பழையவர். கதை பிடிக்கவில்லை என்றால் உடனே அழைத்துத் திட்டுவார். பிடித்திருந்தால் சாவகாசமாகக் கடிதம் எழுதுவார். அன்றைக்குக் கதைப் பேச்சே இல்லை.

“தம்பி, எங்க பேரனோட பிஎஸ் ஃபோரு நின்னு நின்னு ஓடுது. கடையில கேட்டா ஃபார்மட் பண்ணணுமாம். பண்ணுனா அவன் இத்தனை நாளு ஆடி வெச்சது எல்லாம் போயிடுமாம். பையன் சோறு திங்க மாட்டேங்கிறான். நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

படித்ததற்கும் பிளேஸ்டேஷனுக்கும் தொடர்பில்லை. ஆனால் என் வீட்டிலும் படிவம் மூன்றில் ஒருவன் இருக்கிறான், அதனால் இந்த நோய் எனக்குப் பழக்கம். “கேஷ் கிளியர் பண்ணிப் பாத்தீங்களாம்மா?” என்றேன்.

“அது என்னா?”

தொலைபேசியில் நான் சொன்ன பதில் நீண்டுபோனது. இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கும் என்று தோன்றியதால் இம்மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன். தலையங்கம் எதிர்பார்த்தவர்கள் பொறுத்தருள்க.

ஆயர் தாவார் தெரியாதவர்களுக்கு: ஈப்போவிலிருந்து லுமுட் போகும் வழியில், சித்தியவானுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால் மரத் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் முன்னறையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சாமிப் படம், அதற்குக் கீழே தொலைக்காட்சி, அதற்கும் கீழே அந்தக் கறுப்புப் பெட்டி. வீட்டில் யாருக்கும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது; ஆடுகிற பையனுக்கும் தெரியாது.

அம்மா பால் மரம் வெட்டியவர். அதனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். விடியற்காலையில் நிரைக்குப் போனதும் மரத்தில் முதல் வேலை என்ன?

“ஒட்டுப்பால உரிப்போம். மங்குல கெடக்குற கட்டிப்பால எடுத்துப் பையில போடுவோம். அப்புறந்தான் கத்தி வைக்கிறது.”

கேஷைத் துடைப்பதும் அதுதான். முந்தைய வெட்டில் வடிந்த பால் வெட்டிய கோட்டிலேயே காய்ந்து படிந்திருக்கிறது. அது மரத்துக்குச் சொந்தமான பட்டையும் அல்ல, வாளியில் சேர்ந்த பாலும் அல்ல. அதை உரிக்காமல் விட்டால் புதுப் பால் கோட்டை விட்டு விலகி, பால் பிடிக்கும் மங்குக்கு வராமல் மரத்தில் கண்ட இடத்தில் வழியும். உரித்து எடுப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஃபார்மட் செய்வது என்பது மரத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடுவது. அதற்கும் ஒரு காலம் உண்டு. பால் கொஞ்சம் குறைந்ததற்காக யாரும் அதைச் செய்வதில்லை. ஒரே ஒரு வேறுபாடு: ஒட்டுப்பாலை நிறுத்துக் காசு வாங்கலாம். கேஷை எந்த ஸ்டோரிலும் நிறுக்க மாட்டார்கள்.

இனி பெட்டிக்குள் போவோம். பிளேஸ்டேஷனானாலும் எக்ஸ்பாக்ஸானாலும் உள்ளே மூன்று வகைச் சரக்கு கிடக்கிறது. ஒன்று, விளையாட்டே, தட்டிலிருந்தோ இணையத்திலிருந்தோ இறக்கிப் பதிந்தது. இரண்டு, பையன்கள் ‘சேவ்’ என்று சொல்வது. எந்தக் கட்டத்தில் நிறுத்தினான், எந்த அணியை வாங்கினான், எத்தனை கோப்பை ஜெயித்தான் என்ற கணக்கு. மூன்றாவதுதான் கேஷ். அடிக்கடி தேவைப்படுவதைத் தொலைவிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்துவராமல் கைக்கெட்டும் இடத்தில் பெட்டி தானாகவே வைத்துக்கொள்கிற நகல். கடைப் பக்கத்தின் படங்கள், மெனுவின் துணுக்குகள், பாதியில் நின்ற அப்டேட்டின் மிச்சம், இணையத்தில் நுழைந்த அடையாளம் எல்லாம் அதில் சேரும். நகல்தான் என்பதால் அழித்தாலும் பெட்டி மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். அந்த நகல் எங்காவது அரைகுறையாகப் பதிந்துவிட்டால், அல்லது மூலம் மாறிய பிறகும் பழைய நகலையே பெட்டி பிடித்துக்கொண்டிருந்தால், மெனு திணறுகிறது, கடைப் பக்கம் திறக்க மறுக்கிறது, ஆட்டம் ஏறும்போதே நிற்கிறது.

யோசனை புதிதல்ல. 1965இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வில்க்ஸ் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய, மெதுவான நினைவகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக, வேகமாக ஒன்றை வைத்து, அடிக்கடி கேட்கப்படுவதை அதில் வைத்துக்கொள்ளலாம் என்றார். மூன்று ஆண்டுகளில் ஐபிஎம் அறிவித்த 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. விளையாட்டுப் பெட்டிகளில் எனக்குப் பிடித்த உதாரணம் 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ். தட்டிலிருந்து படிப்பது மெதுவான வேலை என்று தெரிந்து, அதன் 8 ஜிகாபைட் வன்தட்டில் தலா 750 மெகாபைட் அளவில் மூன்று பகுதிகளைக் கேஷுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். ஆடுகிற விளையாட்டு தனக்கு வேண்டியதைத் தட்டிலிருந்து அங்கே இறக்கிக்கொள்ளும். புதிய விளையாட்டு வந்தால் பழையதன் மேல் எழுதிவிடும். ஆடுகிறவன் எதையும் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

துடைக்கும் வேலை நம் தலையில் விழுந்ததற்கு முக்கியக் காரணம், இன்றைய பெட்டிகள் அணைவதே இல்லை என்பது. பையன் “அடைச்சிட்டேன்மா” என்கிறான். விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. பிஎஸ் ஃபோரில் ஆரஞ்சு என்றால் தூக்கம். தூங்கும் பெட்டி நினைவகத்தில் இருந்ததை அப்படியே வைத்திருக்கும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாரக்கணக்கில் தூங்கி எழுந்து தூங்கி எழுந்து ஓடுகிற பெட்டிக்குள் சிக்கல் சேராமல் எப்படி இருக்கும்? ஆகவே முதல் மருந்து, காசில்லாத மருந்து, உண்மையாகவே அணைப்பது. மெனுவில் ‘டர்ன் ஆஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விளக்கு சிமிட்டுவது நின்று முழுவதும் அணைந்த பிறகு சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி செருகுங்கள். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் பெட்டியின் முன்பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் தூங்காமல் முழுதாக அணையும். பிறகு மின்கம்பியைக் கழற்றி மாட்டலாம். எக்ஸ்பாக்ஸில் கேஷைத் துடைக்கத் தனியாக ஒரு மெனுவைத் தேடி அலைபவர்கள் உண்டு. பெரும்பாலான தொல்லைக்கு இந்த 10 விநாடியே போதும்.

இங்கே தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் சுவரிலேயே சுவிட்ச் இருக்கிறது. அது பிள்ளை வளர்ப்புக்குப் பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. “எத்தன தடவ சொல்றது” என்று மூன்றாம் முறை கேட்ட பிறகு ஒரு தட்டுத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. ஆனால் பெட்டி எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தட்டு விழுந்தால், எழுதியது பாதியில் அறுந்துபோகும். அடுத்த முறை போடும்போது பெட்டி சரியாக அணைக்கப்படவில்லை என்று திரையில் புகார் எழுதிவிட்டு, வன்தட்டை ஆராயத் தொடங்குவது அதனால்தான். அப்டேட் நடக்கும்போது தட்டினால் இன்னும் மோசம். ஆயர் தாவார் அம்மாவிடம் மெதுவாக விசாரித்தேன். ஒரு கணம் சத்தமில்லை. “எங்க மருமவதான் தட்டுவா” என்றார். மருமகளையும் விசாரிக்க வேண்டும், ஆனால் அது என் வேலையல்ல.

முழுதாக அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்றால் அடுத்த படி. பிஎஸ் ஃபோரிலும் பிஎஸ் ஃபைவிலும் ‘சேஃப் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. பெட்டி முழுதாக அணைந்திருக்கும்போது மின்பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். தொட்டதும் ஒரு ‘பீப்’, ஏறக்குறைய 7 விநாடி கழித்து இன்னொரு ‘பீப்’. இரண்டாவது கேட்டதும் கையை எடுங்கள். கட்டுப்பாட்டுக் கருவியைக் கம்பியால் பெட்டியில் செருகி நடுவில் உள்ள பிஎஸ் பொத்தானை அழுத்த வேண்டும். கம்பியில்லாமல் அந்த நேரத்தில் வேலை செய்யாது. பசார் மாலாமில் வாங்கிய கம்பிகளில் சில மின்னேற்ற மட்டும்தான் உதவும், தகவல் கடத்தாது. அந்தக் கம்பியைச் செருகிவிட்டுக் “கன்ட்ரோலரும் கெட்டுப்போச்சு” என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

திரையில் எண்ணிட்ட பட்டியல் வரும். நமக்கு வேண்டியது 5. பிஎஸ் ஃபோரில் அதன் பெயர் ‘ரீபில்ட் டேட்டாபேஸ்’. வன்தட்டு முழுவதையும் பார்வையிட்டு, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் புதிதாக எழுதிக்கொள்ளும் வேலை. பிஎஸ் ஃபைவில் அதே 5ஆம் எண்ணைத் திறந்தால் இரண்டு கதவுகள்: ஒன்று கேஷைத் துடைப்பது, மற்றது பட்டியலைத் திருப்பி எழுதுவது. முதலாவதை முதலில் செய்யுங்கள், அது சீக்கிரம் முடியும். இரண்டாவது, பெட்டியில் நிறைய இருந்தால் நேரம் பிடிக்கும். பாதியில் பொறுமை இழந்து, முன்னே சொன்ன சுவர் சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். முடிந்ததும் முகப்பில் விளையாட்டுகளின் வரிசை மாறித் தெரியலாம். பதற வேண்டாம், பையனின் கோப்பைகள் இருக்கின்றன.

எனக்கு வருத்தம் எங்கே என்றால், 5க்கு அடுத்து 6 இருக்கிறது. 6உம் 7உம் பெட்டியில் உள்ள அனைத்தையும் அழிப்பவை. தீங்கில்லாததும் திரும்பப் பெற முடியாததும் ஒரே எழுத்தளவில், ஒரே நிறத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. நிஜமாகவே அழிக்கட்டுமா என்று பெட்டி கேட்கத்தான் கேட்கும், ஆனால் ஆங்கிலத்தில். படிக்கத் தெரியாததற்கு ‘யெஸ்’ கொடுத்துப் பழகிய கை கொடுத்துவிடும். நிண்டெண்டோ ஸ்விட்சிலும் இதே கதைதான். ‘ரீசெட் கேஷ்’ இருப்பது அமைப்புகளின் அடியில் ‘ஃபார்மட்டிங் ஆப்ஷன்ஸ்’ என்ற அறையில். அதே அறையில்தான் எல்லாவற்றையும் துடைக்கும் ‘இனிஷியலைஸ்’ இருக்கிறது. போதாக்குறைக்கு, ஸ்விட்சில் கேஷைத் துடைத்தால் போவது இணையப் பக்கங்களில் நுழைந்த அடையாளங்களும் கடவுச்சொற்களும் போன்றவைதான். ஆட்டம் திணறுவதற்கு அது மருந்தல்ல. விடுதி, விமான நிலையம் மாதிரி இடங்களில் வைஃபை நுழைவுப் பக்கம் தகராறு செய்தால் உதவும். இதையெல்லாம் ஒரு பக்கத் தாளில் நல்ல தமிழில் அச்சடித்துப் பெட்டியோடு கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும்? நம் தமிழ்ப்பள்ளிகளின் கணினி ஆசிரியர்கள் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. யாராவது முன்வந்தால் இதழில் இடம் தர நான் தயார்.

துடைப்பதற்கு முன்னால் சேவ்களை வெளியே எடுத்து வைப்பது நல்லது. துடைப்பதால் ஆபத்து என்று சொல்லவில்லை. தடுமாறுகிற வன்தட்டை எப்போதுமே நம்பக்கூடாது. பிஎஸ் ஃபோர் இதில் தாராளம்: அமைப்புகளில் சேவ் மேலாண்மைக்குப் போய் ஒரு சாதாரண யுஎஸ்பி குச்சியில் நகலெடுக்கலாம். பிஎஸ் ஃபைவில் அதன் சொந்த விளையாட்டுகளின் சேவ்களை மட்டும் தனியாகக் குச்சிக்கு எடுக்க விடமாட்டார்கள். சந்தா கட்டி மேகச் சேமிப்பில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி முழுவதையும் வெளி வன்தட்டில் நகலெடுக்க வேண்டும். ஸ்விட்சில் நினைவட்டை செருகியிருந்தாலும் சேவ் அதில் போவதில்லை, பெட்டிக்குள்ளேயே இருக்கும். “அட்டையைத்தான் கழற்றி வெச்சிட்டேனே” என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் மட்டும் கொடுத்து வைத்தவர்கள். இணையத்தில் இணைந்திருந்தால் சேவ் தானாகவே மேலே போய்விடும், தனிக் காசும் இல்லை. பழைய எக்ஸ்பாக்ஸ் 360ஐ இன்னும் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் கேஷைத் துடைத்தால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் இறக்கியிருந்த அப்டேட்டுகளும் போய்விடும். சேவ் இருக்கும், ஆனால் அப்டேட்டை மறுபடி இறக்க வேண்டும். கைப்பேசித் தரவைப் பகிர்ந்து ஆடுகிற வீட்டில் அது மாதக் கடைசிக்கு ஏற்ற வேலை இல்லை.

எல்லாத் தலைவலிக்கும் இதுவே தைலம் என்று நினைத்துவிடாதீர்கள். 2010 மார்ச் 1ஆம் தேதி உலகம் முழுக்கப் பழைய பிஎஸ் த்ரீ பெட்டிகள் ஒரே நேரத்தில் மக்கர் செய்தன. இணையத்தில் நுழைய முடியவில்லை, சில விளையாட்டுகள் திறக்கவே இல்லை. உள்ளே இருந்த கடிகாரம் 2010ஐ லீப் ஆண்டு என்று தப்பாகக் கணக்குப் போட்டிருந்தது. அன்றைக்கு எந்தக் கேஷைத் துடைத்தும் பயனில்லை. பெட்டியைப் பயன்படுத்தாமல் பொறுத்திருங்கள் என்று சோனி கேட்டுக்கொண்டது. மறுநாள் தானாகச் சரியானது. அடுத்த ஆண்டு இன்னும் பெரிய கூத்து. 2011 ஏப்ரல் 20 அன்று ஊடுருவல் ஒன்றால் பிளேஸ்டேஷனின் இணையச் சேவையே மூடப்பட்டது. 7 கோடியே 70 லட்சம் கணக்குகள் சம்பந்தப்பட்ட விவகாரம். மே மாத நடுவில்தான் சில நாடுகளில் மீண்டும் திறந்தார்கள், ஆசியப் பக்கம் அதற்கும் பிறகு. அந்த நாட்களில் தன் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தவர்கள் வீணாகக் குடைந்தார்கள். ஆட்டம் இணையத்தில் மட்டும் தகராறு செய்கிறது, தனியாக ஆடினால் நன்றாக ஓடுகிறது என்றால் முதலில் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேளுங்கள். அவனுக்கும் அப்படியே என்றால் இரண்டு பேரும் வெளியே போய்ப் பந்து விளையாடலாம்.

வன்தட்டு நிறைந்துபோவது இன்னொரு காரணம். பிஎஸ் ஃபோரின் முதல் மாதிரிகள் 500 ஜிகாபைட் வன்தட்டோடு வந்தன. அப்டேட் இறக்கும்போது பழையதையும் புதியதையும் சேர்த்து நகலெடுக்கக் கூடுதல் இடம் கேட்கும், இடமில்லாமல் முரண்டு பிடிக்கும். அங்கே அழிக்க வேண்டியது கேஷை அல்ல, யாரும் தொடாத மூன்று பழைய கால்பந்து விளையாட்டுகளை. தூசி அடுத்தது. கற்பூரமும் ஊதுவத்தியும் தினமும் ஏற்றுகிற அறையில், சாமிப் படத்துக்கு நேர் கீழே பெட்டி இருந்தால், விசிறித் துவாரத்தில் என்ன சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடேறும் பெட்டி தானே அணையும். அதற்கு வேண்டியது தூரிகை. இடியும் மழையும் நம் பேராக் மாநிலத்துக்குப் பழகியவை. மாலையில் வானம் கறுத்தால் பிளக்கோடு மோடத்திலிருந்து வரும் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வீட்டுக்குள் வருவதில்லை.

என் வயதுக்காரர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். நம் காலத்தில் மைக்ரோ ஜீனியஸ் இருந்தது; நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்தது, நம் நாட்டில் அந்தப் பேர் சொன்னால் தெரியாத பிள்ளை இல்லை. ஓடவில்லையா, கேசட்டைப் பிடுங்கு, அடியில் ஒரு ஊது ஊது, மறுபடி செருகு. ஓடும். உண்மையில் ஊதியது உதவவில்லை. பிடுங்கிச் செருகியதில் உலோக முனைகள் புதிய இடத்தில் பதிந்து தொடர்பு கிடைத்தது, அவ்வளவுதான். வாயின் ஈரம் முனைகளை அரிக்கும் என்பதால் நிண்டெண்டோவே ஊத வேண்டாம் என்று சொன்னது. ஆனாலும் அந்தச் சடங்கில் ஒரு நல்ல குணம் இருந்தது: எதையும் அழிக்காத வைத்தியத்தை முதலில் செய்துவிட்டுத்தான் அடுத்ததை யோசித்தோம். ஆட்டத்தைச் சேமிக்கப் பெரும்பாலான கேசட்டுகளில் வழியும் இல்லை, அழிந்துபோக ஒன்றும் இல்லை. இன்றைய பையனுக்கு அப்படியல்ல. இரண்டு வருட விடுமுறைகள் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. “வெறும் கேம்தானே, போனா போவுது” என்று பெரியவர்கள் சொல்வது எனக்கு ஏற்பில்லை.

அம்மா சொன்னதை எழுதிக்கொண்டார். மறுநாள் பேரனே புலனத்தில் ஒரு படம் அனுப்பினான்: சேஃப் மோட் திரை, 5ஆம் எண்ணில் அம்புக்குறி, கீழே “இதானே அங்கிள்?” என்று ஒரு வரி. அதேதான் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்த அடுத்த படத்தில் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மெனு இன்னும் லேசாகத் தயங்குகிறதாம். பெட்டிக்கு வயதாகிவிட்டது, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் அழிக்கும் அந்த 6ஐ எப்போதுதான் தொடுவது? விற்கும்போது. தாமான்களில் பழைய பிஎஸ் ஃபோர் கைமாறிக்கொண்டே இருக்கிறது. முந்தைய சொந்தக்காரனின் கணக்கு உள்ளே அப்படியே இருக்க, வாங்கியவன் அவன் பேரில் ஆடுவதும், அவன் அட்டையிலிருந்து காசு போவதும் நடக்கக்கூடியவை. கொடுப்பதற்கு முன்னால் சேவ்களை நகலெடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் முதன்மைப் பெட்டி என்ற பதிவை அமைப்புகளில் நீக்குங்கள். கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதன் பிறகு தாராளமாக அழியுங்கள். வாங்குகிறவர்கள் கடையிலோ விற்பவர் வீட்டிலோ பெட்டியைப் போட்டுப் பார்க்கும்போது திரையில் யார் பெயர் வருகிறது என்று முதலில் பாருங்கள்; பெயர் வந்தால் பணம் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் கண் முன்னாலேயே அழித்துத் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்